பலகைத் தரைக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது

பலகை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு ரகசியக் கணக்கு தெரியும். கூடத்தில் எந்தப் பலகை முனகும், எது வாய் திறக்காது என்கிற கணக்கு. இரவு பத்து மணிக்கு மேல் வீடு திரும்பினால் வாசலிலிருந்து மூன்றாவது பலகையைத் தாண்டித்தான் கால் வைக்க வேண்டும். தண்ணீர் குடிக்கப் போனால் சுவரோரமாக நடக்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் ஆணி உறுதியாக இருக்கும். தாமான் வீட்டில் பளிங்குக்கல் தரையில் வளரும் பிள்ளைகளுக்கு இந்த வித்தை தேவைப்படுவதில்லை.

காஹாங்கில் எங்கள் வீடு அந்த ரகம். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் போகிறவர்கள் காஹாங்கைப் பெரும்பாலும் காரின் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போகிறவர்கள் மட்டும் இங்கே திரும்பி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கம்போங் பேத்தா வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் செம்மண் பாதையில் குலுங்கிக்கொண்டு போவார்கள். அந்தக் காட்டுப் பக்கமிருந்து மரம் ஏற்றிய லோரிகள் வரிசையாக வந்த காலத்தை அப்பா பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டுத் தரைப் பலகை அப்படி வந்ததல்ல. தோட்டத்துப் பழைய குடியிருப்பைப் பிரித்தபோது தாத்தா விலைக்கு வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிவந்து போட்டது. அப்போதே அது பழைய பலகைதான்.

சென்ற ஆண்டு தம்பி மகனின் பாதத்தில் சிலாம்பு ஏறியது. நகக்கண் அளவு மரச்சிலும்பு என்றாலும், பிள்ளை போட்ட கூச்சலில் குடும்பக் கூட்டமே கூடிவிட்டது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் செய்வதையே தம்பியும் சொன்னான். "அண்ணே, இந்தக் காலத்துல யாரு பலகையில நடக்குறா? பிரிச்சுப் போட்டுட்டு சிமெண்டு கொட்டி டைல்ஸ் போட்டுடலாம்." தங்கையின் கல்யாணத்துக்கு ஆறு மாதம் இருந்தது. நலங்கு வீட்டிலேயே வைப்பதாக ஏற்பாடு.

தம்பியின் யோசனையில் ஒரு விஷயம் மறைந்திருந்தது. தூண்மேல் நிற்கும் வீட்டில் பலகைக்கு மேலேயே டைல்ஸ் ஒட்ட முடியாது. கீழே இருக்கும் மரச்சட்டங்கள் நடக்கும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பலகை அதைத் தாங்கும். டைல்ஸ் வெடிக்கும். ஆகவே தரையைப் பிரித்து, மண்ணடித்து, வீட்டைத் தரைமட்டத்துக்கு இறக்க வேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை முக்கிய வெள்ளத்தில் எங்கள் தூண்களில் பாதிக்குத் தண்ணீர் ஏறியது. பலகையைத் தொடவில்லை. 2023 மார்ச்சில் குளுவாங் மாவட்டத்தில் மறுபடி வெள்ளம் வந்தபோதும் அப்பா முதலில் குனிந்து பார்த்தது தூண்களைத்தான். "தண்ணி வந்தப்ப எது நம்மளத் தூக்கி வச்சுதுன்னு அவன்கிட்ட கேளு" என்றார் அப்பா. அத்தோடு எழுந்து போய்விட்டார்.

அப்படியானால் சிலாம்பு ஏறாத தரையாக அதை மாற்ற வேண்டும். தேய்த்து, மழமழப்பாக்கி, மேற்பூச்சு பூச வேண்டும். நான் வானொலியில் பேசுகிறவன், தச்சன் அல்ல. இரண்டு மாதம் தச்சர்களோடும் கடைக்காரர்களோடும் பேசி, பிறகு ஒரு தச்சரோடு சேர்ந்து வேலை செய்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் கம்பத்து வீடுகளில் இப்படிப்பட்ட தரைகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன.

காலடியில் இருப்பது என்ன மரம்?

மலேசியாவில் மரங்களைக் கன வன்மரம், நடுத்தர வன்மரம், இலகு வன்மரம் என்று பிரிக்கிறார்கள். செங்கால், பாலாவ் இரண்டும் முதல் வகை. கெம்பாஸ், கெரூயிங் நடுத்தரம். மெராந்தியும் நம் ரப்பர் மரமும் இலகு வகை. செங்கால் மரத்தில் ஒரு கனமீட்டரின் எடை ஏறக்குறைய 915 முதல் 980 கிலோ. தண்ணீர் 1000 கிலோ என்பதை நினைத்துப் பாருங்கள். காய்ந்த செங்கால் பலகை தண்ணீரில் மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பந்தயம் கட்டலாம். கரையான்கூட அதைச் சீக்கிரம் நெருங்காது. 2019ஆம் ஆண்டு நாட்டின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட மெர்பாவும் தரைக்குப் பேர்போனது. அதன் சாயம் மழையில் கரைந்து பக்கத்துச் சுவரைச் செம்பழுப்பாக்கிவிடும் என்பதால், மெர்பாவ் வைத்திருப்பவர்கள் ஈரத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

எது என்று கண்டுபிடிக்க, அலமாரிக்கு அடியில் கண்ணில் படாத ஓர் இடத்தைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே கருத்துப்போன அழுக்கு நிறம்தான் இருக்கும். செங்கால் என்றால் உள்ளே லேசான பச்சை சாயல் கொண்ட மஞ்சள் பழுப்பு தெரியும். எங்கள் வீட்டில் அதுதான் தெரிந்தது. அரை நூற்றாண்டு கருமைக்குக் கீழே அந்த நிறத்தைப் பார்த்த பிறகு தம்பியின் வாதத்தில் பாதி பலம் போய்விட்டது.

ஒரு கிளைச் செய்தி. தாத்தா வாழ்நாள் முழுக்க பால் வெட்டிய ரப்பர் மரத்தை அந்தக் காலத்தில் விறகுக்கும் ரப்பர் தகடுகளைப் புகைபோடவும்தான் எரித்தார்கள். பூஞ்சையும் வண்டும் அரிக்காதபடி பதப்படுத்தக் கற்றுக்கொண்ட பிறகே அது மேசை நாற்காலியாகி வெளிநாடு போனது. தாத்தாவிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

அடுத்தது தடிமன். இதைப் பார்க்காமல் இயந்திரத்தை இறக்கவே கூடாது. கம்பத்து வீடு என்றால் கீழே குனிந்து போய்ப் பார்த்துவிடலாம். பொதுவாக ஓர் அங்குலப் பலகை இருக்கும். ஒருமுறை முழுதாகத் தேய்த்தால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் போகும். பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று நாக்கும் பள்ளமுமாகப் பொருந்தியிருந்தால், அந்த நாக்குக்கு மேலே இருக்கும் மரம் மட்டுமே கணக்கு. அடுக்குமாடி வீடுகளில் சிமெண்டின்மேல் ஒட்டிய பார்க்கே கட்டைகள் 8 மி.மீ. அளவே இருக்கும், கவனமாகத்தான் தேய்க்க வேண்டும். மேலே மட்டும் மெல்லிய மரத்தோல் ஒட்டிய பலகை இன்னும் மோசம். 'லேமினேட்' என்று விற்பது மரத்தின் படம் அச்சிட்ட தாள்தான். அதன்மேல் இயந்திரத்தை வைத்தால் படம் கிழிந்துபோகும், அவ்வளவுதான்.

நின்றால் பள்ளம்

தரை தேய்க்கும் இயந்திரத்தில் இரண்டு பெரிய வகை உண்டு. உருளை சுற்றுவது ஒன்று. தட்டு அதிர்வது மற்றொன்று. உருளை இயந்திரம் வேகமாக மரத்தைத் தின்னும். கருத்துப்போன பழைய தரைக்கு அதுதான் தேவை. ஆனால் உருளை சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒரே இடத்தில் மூன்று விநாடி நின்றால் அந்த இடம் பள்ளம். குளுவாங்கில் உறவினர் ஒருவரின் கூடத்தை ஒரு குத்தகைக்காரர் இப்படித்தான் கடற்கரை அலைபோல ஆக்கிவிட்டுப் போனார். பகலில் தெரியாது. மாலையில் சன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் விழும்போது ஒவ்வோர் அலையும் தெரியும். மேற்பூச்சு போட்டால் மறைந்துவிடும் என்று அவர் சொன்னாராம். உண்மையில் பளபளப்பு ஏற ஏறக் குறை இன்னும் பளிச்சென்று தெரியும்.

வீட்டுக்காரர் தானே செய்வதானால் அதிர்வுத் தட்டு இயந்திரமே நல்லது என்பது என் கருத்து. நேரம் இரண்டு மடங்கு ஆகும். தரை பிழைக்கும். நாங்கள் கூடத்துக்கு மட்டும் உருளையை வாடகைக்கு எடுத்தோம், அதையும் தச்சரே பிடித்தார். நகரத் தொடங்கிய பிறகே உருளையைத் தரையில் இறக்குவார், நிற்பதற்கு முன்பே தூக்கிவிடுவார். விமானம் இறங்கி ஏறுவது மாதிரி. என் தொழில் காதை நம்பி நடப்பது என்பதால் ஒன்றைக் கவனித்தேன். ஆணியின் பக்கம் போகும்போதும், தாள் மழுங்கும்போதும் இயந்திரத்தின் சுருதி மாறுகிறது. மூன்றாம் மணி நேரத்துக்குள், தாளை மாற்ற வேண்டும் என்று தச்சர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மாற்றுத் தாளை என் கையில் கொடுத்தார்.

வாடகைக்கு எடுக்கும் முன் மின்சாரத்தைப் பற்றிக் கேளுங்கள். பெரிய உருளை இயந்திரங்கள் சிலவற்றுக்கு வீட்டிலுள்ள சாதாரண 13 ஆம்பியர் மூன்றுமுனைப் பிளக் போதாது. பழைய கம்பத்து வீட்டு ஒயரிங்கில் நீட்டிப்பு ஒயரைச் சுருட்டியபடியே வைத்து ஓட்டினால் அது சூடேறி உருகும். முழுதாக விரித்துவிடுங்கள்.

வேலை தொடங்குமுன் ஆணிகள். ஒவ்வோர் ஆணித் தலையையும் உளியாணி வைத்து மூன்று மி.மீ. உள்ளே இறக்க வேண்டும். ஒரே ஓர் ஆணி மேலே நின்றால் தாள் கிழியும், பொறி பறக்கும். எங்கள் கூடத்தில் மட்டும் நானூற்றுச் சொச்சம் ஆணிகள். அதிலேயே ஒரு நாள் போனது. முனகும் பலகைகளை அடியிலிருந்து திருகாணி போட்டு இறுக்கியதும் அன்றுதான். மூன்றாவது பலகையை மட்டும் அப்படியே விடச் சொன்னார் அம்மா. தங்கை கல்யாணமாகிப் போகும்வரை அது தேவையாம்.

மணல்தாளில் ஓர் எண் இருக்கும். தமிழ்நாட்டில் உப்புத்தாள் என்பார்கள், நம்மூர்க் கடையில் கெர்தாஸ் பாசீர் என்று கேட்டால்தான் கிடைக்கும். எண் கூடக் கூடத் தாள் நைசாகும். 40இல் தொடங்கி 60, 80, 100 என்று ஏற வேண்டும். 40 போட்ட கீறலை 60 அழிக்கும், 60இன் கீறலை 80 அழிக்கும். அவசரப்பட்டு 40இலிருந்து 100க்குத் தாவினால் ஆழக்கீறல் அப்படியே தங்கிவிடும். 100 அல்லது 120இல் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கண்ணாடி மாதிரி ஆக்கினால் மேற்பூச்சு மரத்துக்குள் இறங்காது. எப்போதும் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். பலகைகள் தொன்னைபோல் வளைந்திருந்தால் மட்டும் முதல் சுற்றைச் சாய்வாக ஓட்டலாம். சுவரோரத்துக்குச் சின்ன இயந்திரம். மூலைகளுக்குக் கைதான், சுரண்டியும் தாளும். ஒவ்வோர் எண்ணுக்கும் இடையில் தூசியை முழுதாக உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லையென்றால் உதிர்ந்த கரகரப்பான மணல் அடுத்த சுற்றில் புதுக்கீறல் போடும். எங்களுக்கு இயந்திர வாடகையைவிடத் தாளுக்குத்தான் அதிக வெள்ளி போனது. பாட்டி காலத்து மெழுகு அதற்குக் காரணம்.

பாட்டி மாதம் ஒருமுறை மெழுகு தடவி, தேங்காய் மட்டையைக் காலால் மிதித்து முன்னும் பின்னும் ஓட்டித் தரையைத் தேய்ப்பார். அந்தப் பளபளப்பில் முகம் பார்க்கலாம். அதே மெழுகு இயந்திரத்தின் சூட்டில் இளகி, ஐந்து நிமிடத்தில் தாளை அடைத்துவிடும். துளி மெழுகு மிச்சமிருந்தாலும் இன்றைய பாலியூரிதேன் பூச்சு ஒட்டாது, படலம் படலமாக உரியும். டர்பன்டைன் நனைத்த துணியால் இரண்டு தடவை துடைத்த பிறகே இயந்திரம் ஓடியது.

சாமி மாடத்துக்கு முன்னால் இருந்த கறைகள் வேறு வகை. விளக்கெண்ணெய் சொட்டிச் சொட்டி மரத்துக்குள் ஊறிப்போயிருந்தது. கற்பூரம் சுட்ட வட்டம் வேறு. சூட்டுக்கறை தேய்த்தால் போகும், எண்ணெய் போகாது. கரைப்பானைப் பஞ்சில் நனைத்து வைத்து, ஊறியதை மேலே இழுத்து, இப்படி ஒரு வாரம் செய்ய வேண்டியிருந்தது. அம்மாவின் தையல் இயந்திரம் நின்ற இடத்தில் நான்கு கரும்புள்ளிகள். இரும்பும் ஈரமும் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தோடு சேர்ந்தால் மை மாதிரி கருப்பாகும். ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் அதை வெளுக்கும். அது விஷம். கையுறை போட்டுச் செய்யவேண்டும், பிறகு நன்றாகக் கழுவி, காயவிட்டுத்தான் மேலே தேய்க்க வேண்டும். நாங்கள் மூன்று புள்ளிகளை வெளுத்தோம். நான்காவதைத் தொடவேண்டாம் என்றார் அம்மா. காரணம் கேட்கவில்லை.

அம்மாவுக்கு ஆஸ்துமா

இந்த வேலையில் எனக்கு உண்மையிலேயே பயம் இருந்தது தூசி விஷயத்தில்தான். அம்மாவுக்கு இருபது வருட ஆஸ்துமா. மரத்தூசி வெறும் தும்மல் சமாசாரம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. முக்கியமாக மூக்கின் உட்பகுதியில் வருவது. வருடக்கணக்கில் தூசியில் வேலை செய்பவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம். நாலு நாள் வேலைக்கு யாரும் மிரள வேண்டியதில்லை. ஆனால் நமக்கு வேலை செய்ய வரும் தச்சர் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நின்றால், என்95 முகக்கவசம் ஒன்றை வாங்கிக் கொடுப்பது நம் பொறுப்பு. கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. பழைய வீட்டுத் தரையோரங்களில் பெயின்ட் இருந்தால் இன்னொரு கவனம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசியாக்காமல், ஈரமாக்கிச் சுரண்டி எடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது.

அம்மாவைக் குளுவாங்கில் சித்தி வீட்டுக்கு அனுப்பினோம். "என் வீட்டுத் தரையத் தேய்க்க என்னையே வீட்ட விட்டுத் துரத்துறீங்க" என்று இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. தேய்த்து முடித்த பிறகும், பூச்சின் வாடை அடங்கும்வரை, மொத்தம் பதினொரு நாள் அவர் அங்கேதான் இருந்தார்.

தூசிப்பையை ஒவ்வொரு மாலையும் வீட்டுக்கு வெளியே காலி செய்துவிட வேண்டும். பழைய பூச்சும் மரத்தூளும் கலந்து பையில் அடைந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியும் அப்படித்தான். கசக்கி மூலையில் போட்டால் எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவரும், அது வெளியேற வழியில்லாமல் துணி பற்றிக்கொள்ளும். விரித்துக் கொடியில் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள். பலகை வீட்டில் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லலாம்.

மேற்பூச்சில் என்ன போடுவது என்பதில் வீட்டுக்கு வீடு அபிப்பிராயம் மாறும். எண்ணெய் கலந்த பாலியூரிதேன் உறுதியானது, மரத்துக்குத் தேன் நிறம் கொடுக்கும், ஆனால் நம்மூர் ஈரக்காற்றில் ஒரு பூச்சு காய ஒரு முழு நாள் கேட்கும், வாடையும் அதிகம். தண்ணீர் கலந்தது சில மணி நேரத்தில் காயும், வாடை குறைவு, விலை கூடுதல். அம்மாவை நினைத்து நாங்கள் இரண்டாவதையே எடுத்தோம். மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையில் 220 தாளால் கையாலேயே லேசாக ஒரு தடவல். அப்பாவுக்கு அதில் திருப்தி இல்லை. செங்கால் மரத்தின் பிசின், டாமார் பெனாக், ஒரு காலத்தில் வார்னிஷ் செய்வதற்கென்றே வாங்கப்பட்டது. அந்த மரத்துக்கு அதன் பிசினையே பூசியிருக்கலாமே என்றார். நியாயமான கேள்வி. கடையில் கிடைக்க வேண்டுமே!

மழைக்காலத்தில் மட்டும் இந்த வேலையைத் தொடாதீர்கள். நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. பலகை ஈரம் குடித்து உப்பியிருக்கும்போது தேய்த்துப் பூசினால், காய்ந்து சுருங்கும்போது பலகைகளுக்கிடையே பூச்சு வெடித்துக் கோடு கோடாக நிற்கும். நாங்கள் ஜூலையில் செய்தோம்.

நலங்கு அதே கூடத்தில்தான் நடந்தது. தம்பி மகன் சறுக்கி விளையாடியதில் மாக்கோலம் பாதி அழிந்தது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை, பூச்சுக்கான செலவில் பாதியை மட்டும் என் கணக்கில் போட்டுவிட்டான்.

சமையலறை இன்னும் முடியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மூன்று பலகைகள் அழுகிவிட்டன. செங்காலே ஆனாலும் முப்பது வருடம் விடாமல் தண்ணீர் சொட்டினால் என்ன செய்யும்? புதுச் செங்கால் பலகை வாங்கும் விலைக்குக் கூடம் முழுக்க டைல்ஸ் போட்டிருக்கலாம் என்று தம்பி கணக்குப் போட்டுக் காட்டினான், அதில் அவன் சொல்வது சரிதான். அதனால் பழைய பலகை தேடுகிறோம். மெர்சிங் பக்கம் பழைய மலாய்க்காரர் வீடு ஏதாவது பிரிக்கிறார்கள் என்று தெரிந்தால் தச்சர் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆறு அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிமன், மூன்றே மூன்று பலகை. அதுவரை அங்கே ஒரு பிளைவுட் துண்டு போட்டு, மேலே ரப்பர் விரிப்பு விரித்திருக்கிறோம்.